கோப்பில் ஏறும் கோரிக்கை: அரசின் முடிவை மாற்ற முயல்வோர் அறிய வேண்டியவை

2016 ஜனவரியில், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. பொருளுள்ள ஒரு கலந்தாய்வாக நடக்க வேண்டியதை, எண்ணிக்கை பலத்தைக் காட்டுவதற்காகத் திட்டமிட்டு நடத்தப்படும் கருத்துக் கணிப்பாக அந்த நிறுவனத்தின் பிரச்சாரம் மாற்றிவிட்டது என்பதே அக்கடிதத்தின் சாரம். அரசின் கொள்கை முடிவுகளில் தாக்கம் செலுத்துவதைத் தொழிலாகவோ பணியாகவோ கொண்டவர்கள், அவர்கள் தொண்டு நிறுவனத்தில் இருந்தாலும் தொழில் கூட்டமைப்பில் இருந்தாலும் தொழிற்சங்கத்தில் இருந்தாலும், அந்தக் கடிதத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு கோரிக்கை எப்போது வெறும் ஓசையாக நின்றுவிடுகிறது, எப்போது முடிவெடுப்பவரின் கோப்பில் ஒரு காரணமாக ஏறுகிறது என்பதை ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட அந்தக் காலம் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் இந்திய நிகழ்வு வேறொன்றை நான் அறியேன்.

2014 டிசம்பர் இறுதியில், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப் போவதாக ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தது. இத்தகைய இணையவழிச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றிக் கருத்துக் கேட்டு, 2015 மார்ச் 27 அன்று டிராய் ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிட்டது. 118 பக்கங்களும் 20 கேள்விகளும் கொண்ட அந்தத் தாள் தொலைத்தொடர்புத் துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே புரியக்கூடிய நடையில் இருந்தது. எல்லா இணையதளங்களையும் சேவைகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணைய நடுநிலைக்காகத் திரண்ட தன்னார்வலர்கள், அவர்களில் மீடியாநாமா என்ற செய்தித் தளத்தை நடத்திய நிகில் பாவா பரவலாக அறியப்பட்டவர், முதலில் செய்த வேலை முழக்கம் எழுப்புவது அன்று. அந்தத் தாளைச் சுருக்கி, 20 கேள்விகளையும் எளிய மொழியில் விளக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப் பதிலை எழுதி, அதை எவரும் திருத்தி அனுப்பக்கூடிய மின்னஞ்சலாக ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். அதன் பிறகுதான் ஏஐபி என்ற நகைச்சுவைக் குழுவின் காணொளி வந்தது; அதைப் பார்த்தவர்கள் சென்று சேர்வதற்கு ஓர் இடமும், அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குச் சென்றன. சில இணையதளங்களைக் கட்டணமில்லாமல் பார்க்க வழிசெய்யும் ஏர்டெல் ஜீரோ திட்டத்தில் சேரப் பேச்சு நடத்திவந்த ஃபிளிப்கார்ட், ஏப்ரல் 14 அன்று அதிலிருந்து விலகியது.

அடுத்த சுற்று அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று தொடங்கியது. இம்முறை டிராய் நான்கே கேள்விகளைக் கேட்டது. வெவ்வேறு இணையதளங்களுக்கும் செயலிகளுக்கும் டேட்டா கட்டணத்தை வேறுபடுத்த நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்பது முதல் கேள்வி. அனுமதித்தால் பாகுபாடின்மை, வெளிப்படைத்தன்மை, போட்டி ஆகியவற்றை எப்படி உறுதி செய்வது என்பது இரண்டாவது. கட்டண வேறுபாடு இல்லாமலேயே மக்களுக்கு இலவச இணையம் தரும் மாற்று வழிகள் உண்டா என்பது மூன்றாவது. கருத்தில் கொள்ள வேண்டிய பிறவற்றைச் சொல்லலாம் என்பது நான்காவது. குறிப்பிட்ட சில இணையதளங்களை மட்டும் டேட்டா கட்டணமின்றிப் பார்க்கத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காக ஃபேஸ்புக் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களை வெளியிட்டது. தன் தளத்தில் பயனர்களை ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி, அவர்கள் பெயரில் ஆதரவு மின்னஞ்சல்களை டிராய்க்கு அனுப்ப வைத்தது. அப்படி லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் குவிந்தன. ஆனால் அவற்றில் எழுதப்பட்டிருந்தது, தாம் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிப்பதாக ஒரு வாசகம். நான்கு கேள்விகளில் எதற்கும் அதில் பதில் இல்லை. பயனர்களைக் கேள்விகளுக்கு நேரடியாகப் பதிலளிக்கச் சொல்லுமாறு டிராய் கேட்ட பின்பும் அந்தக் குறை தீரவில்லை.

2016 பிப்ரவரி 8 அன்று, டேட்டா சேவைகளில் பாகுபாடான கட்டணங்களைத் தடைசெய்யும் ஒழுங்குமுறை விதிகள் வந்தன. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் என அபராதம் வரையறுக்கப்பட்டது. சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

இந்தக் கதையைப் பொதுவாக மக்கள் சக்தி பெருநிறுவனத்தை வென்ற கதையாகச் சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும், இந்தத் துறையில் பணிசெய்பவருக்கு அந்த விளக்கம் போதாது. இரு தரப்புமே வெகுமக்களின் மின்னஞ்சல்களைத் திரட்டின. இரு தரப்புமே மாதிரி வாசகங்களைப் பயன்படுத்தின. எண்ணிக்கையிலும் பணத்திலும் இரண்டாவது சுற்றில் ஃபேஸ்புக்கே முன்னால் இருந்தது. வேறுபாடு இருந்த இடம், அந்த மின்னஞ்சல் எந்த நாற்காலியில் இருப்பவரின் எந்த வேலைக்கு உதவியது என்பதில்தான். விதிகளோடு வெளியான விளக்கக் குறிப்பில் டிராய் தன் முடிவுக்கான காரணங்களை வரிசையாக எழுத வேண்டியிருந்தது. பெரும்பான்மை மக்கள் இன்னும் இணையத்துக்கே வராத நாட்டில், அவர்கள் எதைப் பார்க்கலாம் என்பதை நிறுவனங்கள் தீர்மானிக்கவிட்டால், இணையம் என்றால் என்ன என்பதையே நிறுவனங்கள் வடிவமைத்துவிடும் என்பது அக்காரணங்களில் ஒன்று. முழு இணையத்தையும் பார்க்கும்படியாகக் குறிப்பிட்ட அளவு டேட்டாவை இலவசமாகத் தருவதற்குத் தடையில்லை என்பதும் தெளிவாக்கப்பட்டது. மூன்றாவது கேள்விக்குப் பொறுப்போடு பதில் எழுதியவர்கள் சுட்டிய திசை அது. வாதம் எழுதியவர்களின் காரணங்களை ஆணையம் தன் காரணங்களாக எழுத முடிந்தது. ஆதரவு மட்டும் தெரிவித்தவர்களிடமிருந்து எழுதுவதற்கு அதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஆணையம் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்பது அதன் பெருந்தன்மையைப் பொறுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1997-ஆம் ஆண்டின் டிராய் சட்டத்தின் 11(4) பிரிவு, தன் அதிகாரங்களைச் செயல்படுத்தும்போது ஆணையம் வெளிப்படைத்தன்மையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. அதே 2016-ஆம் ஆண்டு மே மாதம், அழைப்பு துண்டிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று டிராய் கொண்டுவந்த வேறொரு விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, கலந்தாய்வில் முன்வைக்கப்பட்ட வாதங்களுக்கு முறையான பதில் தரப்படாததையும் ஒரு குறையாகக் கண்டது. சட்டத்தின் கீழ் விதிகள் இயற்றுவதற்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, அதைப் பரிசீலித்து, காரணங்களுடன் முடிவை வெளியிடும் நடைமுறையை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. ஆகவே, நன்கு எழுதப்பட்ட ஒரு கருத்துரைக்கு இரண்டு பயன்கள் உண்டு. ஏற்கப்பட்டால் அது முடிவின் காரணமாகிறது. ஏற்கப்படாவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று பின்னர் நீதிமன்றத்தில் கேட்பதற்கான ஆவணமாகிறது. வெறும் ஆதரவு மின்னஞ்சலுக்கு இந்த இரண்டில் எந்தப் பயனும் இல்லை.

கோப்பின் பயணம்

அரசுத் துறைகளில் ஒரு யோசனை எவ்வாறு நகர்கிறது என்பதை அறியாமல் எழுதப்படும் கோரிக்கை மனுக்களே பெரும்பான்மை. அமைச்சரைச் சந்தித்து மனு கொடுத்து, புகைப்படம் எடுத்து, செய்திக் குறிப்பு அனுப்பியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த மனு துறைச் செயலகத்துக்குச் சென்று, பிரிவு அலுவலரின் மேசையில் ஒரு கோப்பாகி, அவர் எழுதும் குறிப்பின் மீது சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர் ஆகியோர் ஒவ்வொருவராகக் கருத்து எழுதி, சட்டத் துறைக்கும் நிதித் துறைக்கும் சென்று திரும்பிய பிறகே அமைச்சரிடம் முடிவுக்காக வரும். அந்தப் பாதையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. நடைமுறையில் உள்ள சட்டத்தின் எந்தப் பிரிவு தடையாக இருக்கிறது? திருத்தமே தேவையா, அரசாணை போதுமா? அரசுக்கு எவ்வளவு செலவாகும்? வேறு எந்த மாநிலம் இதைச் செய்திருக்கிறது? யார் எதிர்ப்பார்கள், அவர்களுக்கு என்ன பதில்? மனுவில் இவற்றுக்குப் பதில் இல்லையென்றால், அந்தப் பதில்களைத் தேடும் சுமை, ஏற்கெனவே நூறு கோப்புகள் வைத்திருக்கும் ஓர் அலுவலரின் தலையில் விழுகிறது. அவர் தீய எண்ணம் கொண்டவராக இருக்கத் தேவையில்லை; மற்றொரு துறையின் கருத்தைக் கேட்கலாம் என்று ஒரு வரி எழுதினாலே அந்தக் கோப்பு மாதக்கணக்கில் உறங்கிவிடும்.

எனவே, சொல்வன்மையை விட முக்கியமானது, முடிவெடுக்கும் அலுவலர் தன் குறிப்பில் அப்படியே எடுத்து எழுதக்கூடிய காரணத்தை அவருக்குத் தருவதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஊடகம், சமூக வலைத்தளம், பேரணி, கையெழுத்து இயக்கம் எல்லாம் அந்தக் கோப்பைத் திறக்க வைக்கவும், அதற்கு முன்னுரிமை பெற்றுத் தரவும் பயன்படுகின்றன. திறக்கப்பட்ட கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை அவற்றால் தீர்மானிக்க முடியாது.

ஒரு நாற்காலியின் சட்டம்

இதற்குத் தமிழ்நாட்டிலேயே மிக நல்ல சான்று ஒன்று இருக்கிறது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்தாக வேண்டும் என்ற வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்கார அனுமதி இல்லை. சுவரில் சாய்ந்து நின்றாலும் கண்டிப்பு. கால் நரம்புகள் சுருண்டு வீங்குவது, மூட்டு வலி, கழிப்பறைக்குச் செல்ல முடியாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துச் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாவது என இதன் விளைவுகள் அந்தப் பெண்களின் உடலில் இருந்தன. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவை இடம்பெறவில்லை.

இந்தத் துன்பத்தைக் கோரிக்கையாக்கியவர்கள் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பெண்கள். மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று தொடங்கிய போராட்டம், பி. விஜி முன்னின்று நடத்திய பெண்கூட்டு என்ற அமைப்பின் வழியாக, உட்காரும் உரிமை என்ற கோரிக்கைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த கோரிக்கையின் அளவைக் கவனிக்க வேண்டும். சம்பளம், வேலைநேரம், விடுப்பு, பாலியல் துன்புறுத்தல் என்று கேட்பதற்கு அவர்களுக்கு எவ்வளவோ இருந்தன. அவற்றுக்காகவும் அவர்கள் போராடினார்கள். ஆனால் பொதுவெளியில் அவர்களை அடையாளப்படுத்தியது ஒரு நாற்காலி. கேட்பவர் யாராக இருந்தாலும் அரை நிமிடத்தில் புரியும். மறுப்பவர் எந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தாலும் அது மனிதத்தன்மையற்றதாகத் தோன்றும். முதலாளிக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அரசுக்குச் செலவே இல்லை. 2018-ல் கேரள அரசு தன் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது.

தமிழ்நாட்டில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் நம் நோக்கில் அதுவே கூடுதலாகப் பயன்தருவது. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரும் யோசனை 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தின் முன் வைக்கப்பட்டு, அங்கே ஒருமனதாக ஏற்கப்பட்டது. அரசு, தொழிலாளர், வேலையளிப்போர் ஆகிய மூன்று தரப்பும் அமரும் வாரியம் அது. அப்போது இருந்தது அதிமுக ஆட்சி. 2021 மே மாதம் ஆட்சி மாறியது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் சட்டமுன்வடிவைத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் பேரவையில் அறிமுகப்படுத்தினார். வேலைக்கிடையே கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பிலும் ஊழியர்கள் அமர்ந்துகொள்ளும் வகையில் ஒவ்வொரு நிறுவனத்திலும் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் பொருள். முன்வடிவுடன் இணைக்கப்பட்ட நோக்கக் காரண உரையில் 2019-ஆம் ஆண்டு வாரியக் கூட்டத்தின் ஒப்புதல் குறிப்பிடப்பட்டிருந்தது.

ஆட்சி மாறியும் கோப்பு சாகவில்லை. அதற்குக் காரணம், அந்தக் கோரிக்கை ஒரு கட்சியின் வாக்குறுதியாகவோ ஒரு அமைச்சரின் தனிப்பட்ட விருப்பமாகவோ மட்டும் நிற்காமல், ஒரு முத்தரப்பு வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஒருமித்த முடிவாகப் பதிவாகியிருந்ததுதான். புதிதாக வந்த அமைச்சருக்கு வேலையளிப்போர் எதிர்ப்பார்களோ என்ற கேள்விக்கான பதில் ஏற்கெனவே கோப்பில் இருந்தது. வேறு மாநிலத்தில் உண்டா என்ற கேள்விக்குப் பதிலாகக் கேரளம் இருந்தது. எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதும் தெளிவாக இருந்தது. ஆலோசனை வாரியங்கள், மாவட்டக் குழுக்கள், பேரவையின் மனுக்கள் குழு போன்ற, செய்தியாளர்கள் எட்டிப் பார்க்காத அமைப்புகளில் ஓர் உறுப்பினரிடம் பேசி ஒரு பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வைப்பது, பத்து செய்தியாளர் சந்திப்புகளை விடப் பெரிய வேலை. அந்த வேலையைச் செய்பவர்களுக்குப் பாராட்டு கிடைப்பதில்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அதற்குப் புகைப்படமும் இருக்காது. ஆனாலும் நிதி கொடுப்போரும் நிர்வாகக் குழுவினரும் இந்த வேலையின் மதிப்பை உணர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

எழுதும் முறையும் நேரமும்

கருத்துரையின் முதல் பக்கத்திலேயே, முடிந்தால் முதல் பத்தியிலேயே, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறோம் என்பது இருக்க வேண்டும். நிறுவனத்தின் வரலாறும் பெற்ற விருதுகளும் கடைசிக்குப் போகலாம். வரைவின் எந்த உட்பிரிவைப் பற்றிப் பேசுகிறோமோ அதன் எண்ணைக் குறிப்பிட்டு, இப்போதுள்ள வாசகத்தையும், அதனால் யாருக்கு என்ன தீங்கு என்பதையும், அதற்குப் பதிலாக நாம் முன்மொழியும் வாசகத்தையும் அடுத்தடுத்து எழுத வேண்டும். மாற்று வாசகம் எழுதுவதைப் பலர் சட்ட வல்லுநர்களின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். அதை எழுத முயலும்போதுதான் நம் கோரிக்கையில் எது தெளிவில்லை என்பது நமக்கே தெரிகிறது. ஊழியர்களின் கண்ணியம் பாதுகாக்கப்பட வேண்டும் என்று கேட்பது எளிது. அனைவருக்கும் இருக்கையா, பெண்களுக்கு மட்டுமா, எத்தனை பேர் வேலை செய்யும் கடைகளுக்கு, மீறினால் என்ன தண்டனை என்று எழுதத் தொடங்கினால், நம் அமைப்புக்குள்ளேயே இன்னும் முடிவாகாத கேள்விகள் வெளியே வரும். அவற்றை அலுவலர் கேட்பதற்கு முன் நாமே தீர்த்துக்கொள்வது நல்லது.

மாநில அரசுத் துறைக்கு அனுப்பும் கருத்துரையைத் தமிழில் எழுதுவது வெறும் மொழிப்பற்று சார்ந்த செயல் என்று கருத வேண்டாம். குறிப்பு தமிழில் எழுதப்படும் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மட்டும் முப்பது பக்கம் அனுப்பினால், அதை மொழிபெயர்த்துச் சுருக்கும் வேலையை நாம் அங்கே ஏற்றுகிறோம். அந்தச் சுருக்கத்தில் நம் வாதம் எந்த உருவில் தங்கும் என்பது நம் கையில் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே படித்து, இது எங்கள் கோரிக்கைதான் என்று சொல்லக்கூடிய மொழியிலும் அது இருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் செயலாளர்கள் குழு 2014 ஜனவரியில் ஏற்ற முடிவின்படி, ஒவ்வொரு சட்ட வரைவையும் குறைந்தது 30 நாட்கள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். வரைவின் நோக்கம், செலவு, உரிமைகள் மீதும் வாழ்வாதாரத்தின் மீதும் அதன் தாக்கம் ஆகியவற்றை விளக்கும் குறிப்பும் உடனிருக்க வேண்டும். ஆனால் அது சட்டம் இல்லை. பின்பற்றப்படாமல் வந்த சட்டங்கள் பல. மாநிலங்களை அது கட்டுப்படுத்துவதும் இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழுக்களுக்கு அனுப்பப்படும் சட்டமுன்வடிவுகளும் குறைந்துவிட்டன. 15-ஆவது மக்களவைக் காலத்தில் சுமார் 70 சதவீத முன்வடிவுகள் குழுக்களுக்குச் சென்றன; 17-ஆவது மக்களவையில் அது சுமார் 16 சதவீதம். முன்வடிவு அறிமுகமான பிறகு வாதாடிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இனி அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைக்காது என்பதே இதன் நேர்ப்பொருள். தமிழ்நாட்டில், துறைவாரியான மானியக் கோரிக்கை விவாதங்களின்போது அமைச்சர்கள் வெளியிடும் அறிவிப்புகளில் நம் யோசனை இடம்பெற வேண்டுமானால், முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே அது துறையின் பட்டியலில் இருக்க வேண்டும். நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய வாரம் மனு கொடுப்பது, நெல் அறுவடைக்குப் பிறகு வயலுக்கு நீர் பாய்ச்சுவது போன்றது.

கேட்கப்படாதவர்கள்

அலுவலரின் மேசையை நன்றாகப் புரிந்துகொண்டு, காரணத்தையும் நன்றாக எழுதிக் கொடுத்து, ஆனால் பாதிக்கப்படுவோரிடம் பேசாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-அ என்ற பிரிவைச் சேர்த்து, வேலைநேர வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தரும் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. ஒரு நாளில் 12 மணி நேர வேலைக்கு அது வழிவகுக்கும் என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஆளும் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. வேலைநேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்று தொழில் அமைப்புகள் கேட்டிருந்தன என்பது முன்வடிவின் நோக்கக் காரண உரையிலேயே இருந்தது. அதாவது அவர்களின் காரணம் கோப்பில் வெற்றிகரமாக ஏறியிருந்தது. தொழிற்சங்கங்களின் குரல் அதில் இல்லை. மூன்று நாளில் திருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பத்தே நாட்கள்.

அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது நல்லதே என்று நான் கருதுகிறேன். எட்டு மணி நேர வேலை என்பது ஒரு நிர்வாக வசதிக்காக விட்டுக்கொடுக்கக்கூடியது இல்லை. ஆனால் என் நிலைப்பாட்டுக்கு நேரெதிரான பக்கத்தில் பணிபுரிபவருக்கும் இந்நிகழ்வில் பாடம் உண்டு. எதிர்ப்பவர்களை முன்கூட்டியே சந்தித்து, அவர்களின் மறுப்பை நேர்மையாகப் பதிவுசெய்து, அதற்குப் பதிலையும் சேர்த்துக் கொடுக்காத யோசனை, அதை ஏற்றுக்கொண்ட அமைச்சரையே இக்கட்டில் தள்ளுகிறது. அடுத்த முறை அதே அமைப்பு கதவைத் தட்டும்போது அந்த நினைவு அங்கே இருக்கும்.

வெகுமக்களைத் திரட்டுவோருக்கான எச்சரிக்கை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 2020-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கும் காலத்தை 30 நாட்களிலிருந்து 20 நாட்களாகக் குறைக்கவும், முன் அனுமதியின்றித் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னர் அனுமதி பெற வழிசெய்யவும் முனைந்தது. பெருந்தொற்றுக் காலம், வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் கருத்துத் தெரிவிக்கும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில், அதாவது தமிழ் உட்பட, வரைவை மொழிபெயர்க்க உத்தரவிட்டது. கிராமத்து மக்களின் நிலத்தைத் தொடும் ஒரு வரைவை அவர்களின் மொழியில் கொடுக்க நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது என்பது வேதனைக்குரியது. அதே காலத்தில், அமைச்சருக்கு ஒரே மாதிரியான மின்னஞ்சல்களை அனுப்ப வழிசெய்த இளைஞர்களின் இணையதளம் ஒன்று முடக்கப்பட்டது. டெல்லி காவல்துறை அது தொடர்பாக அனுப்பிய அறிவிப்பில், பயங்கரவாத வழக்குகளில் பயன்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமே குறிப்பிடப்பட்டிருந்தது. பின்னர் அது தவறுதலாக அனுப்பப்பட்டது என்று கூறித் திரும்பப் பெறப்பட்டது. கருத்துக் கேட்ட அரசுக்குக் கருத்து எழுதுவது குற்றமாகாது. அந்த நடவடிக்கை மிகத் தவறானது. எனினும், ஆதரவாளர்களைத் திரட்டும் அமைப்பு இத்தகைய ஆபத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டிய காலத்தில் நாம் வாழ்கிறோம். அனுப்புபவரின் விவரங்கள் என்னவாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 2015-ல் டிராய் தனக்கு வந்த கருத்துகளை அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு வெளியிட்டபோது, லட்சக்கணக்கானோரின் முகவரிகள் பொதுவெளிக்கு வந்தன. கலந்தாய்வுக்கு அனுப்பப்படும் எதுவும் வெளியிடப்படலாம் என்ற ஒரு வரியை மாதிரி மின்னஞ்சலுக்கு மேலே சேர்ப்பது அமைப்பின் கடமை.

யாருக்காகப் பேசுகிறோம், யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதையும் அதே வெளிப்படைத்தன்மையோடு சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இதற்கென 1995-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. இந்தியாவில் கொள்கைத் தாக்கம் செலுத்துவோரைப் பதிவுசெய்யும் சட்டம் இல்லை. சட்டம் கேட்கவில்லை என்பதால் மறைக்கலாம் என்று நினைப்பவர் தன் தரப்பின் நல்ல வாதத்தையும் சேர்த்துப் பலிகொடுக்கிறார். பின்னணி பிறகு வெளிவந்தால் கோப்பில் இருக்கும் நியாயமான காரணமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கூடுதல் வரம்புகளை விதிக்கிறது. ஆயினும், கட்சி அரசியல் நோக்கமின்றிப் பொதுக் காரணத்துக்காகப் போராட்ட வடிவங்களை ஆதரிக்கும் அமைப்பை, அந்த ஒரே காரணத்தால் அரசியல் தன்மை கொண்டதென முத்திரை குத்தி நிதியைத் தடுக்கக் கூடாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை அறியாததாலேயே பல அமைப்புகள் தேவையில்லாமல் வாய்மூடி இருக்கின்றன.

அரசிதழுக்குப் பிறகு

பெரும்பாலான பிரச்சாரங்கள் அரசிதழ் அறிவிப்போடு கலைந்துவிடுகின்றன. டிராயின் 2016 விதிகளுக்குப் பிறகும் அந்த இயக்கத்தினர் விலகவில்லை; இணைய நடுநிலை பற்றிய டிராயின் விரிவான பரிந்துரைகள் 2017 நவம்பரில் வந்து, அவற்றைத் தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூலையில் ஏற்கும் வரை கலந்தாய்வுகளில் தொடர்ந்து பங்கேற்றார்கள். இருக்கைச் சட்டத்தில் இந்தத் தொடர்ச்சி போதுமான அளவு இல்லை. 22-அ பிரிவு வந்த பிறகும் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட நின்றுகொண்டிருக்கும் பெண்களை நம் ஊர்க் கடைத்தெருக்களில் பார்க்க முடிகிறது. ஒரு மூலையில் இரண்டு முக்காலிகளைப் போட்டுவிட்டு வசதி செய்துவிட்டோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. இதில் அடுத்த வேலை ஆய்வு அலுவலர்களின் மட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தப் பிரிவின் கீழ் எத்தனை கடைகள் ஆய்வு செய்யப்பட்டன, எத்தனை மீறல்கள் பதிவாயின, எத்தனை வழக்குகளில் அபராதம் விதிக்கப்பட்டது, தகுந்த இருக்கை என்பதற்கு ஆய்வுப் படிவத்தில் என்ன அளவுகோல் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். அந்தப் பதில்களை மாவட்டவாரியாகத் தொகுத்து, அளவுகோல் இல்லாத இடத்தில் ஓர் அளவுகோலை எழுதி, மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தின் அடுத்த கூட்டத்துக்கு நிகழ்ச்சிப் பொருளாக அனுப்புவதற்குச் செலவு அதிகம் ஆகாது. தேவைப்படுவது, அந்தக் கடைகளில் வேலை செய்யும் பெண்களோடு தொடர்பை விட்டுவிடாத ஒரு சிலரின் உழைப்பு.